ஒரு வரிக்குள் இரண்டு பேர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று வைத்துக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், பெயர்களை எழுதினால் நீங்களும் என்னைப் போலவே குழம்பிப் போவீர்கள். எங்கள் மலையில் திரும்பிய பக்கமெல்லாம் ஆட்களுக்கு உச்சிக் குகையில் இருக்கும் சாமியின் பெயர். அது இல்லையென்றால், சாமியோடு அதே குகைக்குள் இருக்கும் அம்மனின் பெயர். மே மாதத் திருவிழாவில் பிள்ளை தொலைந்துவிட்டால் மைக்கில் பெயரை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை, சட்டை என்ன நிறம் என்றும் சொல்லியாக வேண்டும்.

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். தெரிந்திருந்தும் ஒரு வேலை பார்த்து வைத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெங்களூரில் சில வருடங்கள் டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு முட்டிவலி அதிகமானபோது மலைக்குத் திரும்பினேன். அந்தச் சமயத்தில் மலையில் காபியும் மிளகும் போடும் சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, எனக்கு வேலை வேண்டியிருந்தது. ஏற்காட்டு ஏரிக்கு மேல் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் ஓர் அறை, ஒரு மேசை, மழை வந்தால் நகர்த்தி வைக்க வேண்டிய ஒரு பீரோ. அதுதான் அலுவலகம்.

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு ஒருநாள் விளக்கினேன். ஊர் ஊராக எழுதி வரும் விவரங்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, அடுக்கி, கேட்டபோது எடுத்துக் கொடுப்பது. அந்த இடத்துக்கு டேட்டா வேர்ஹவுஸ் என்று பெயர் என்றேன். வேர்ஹவுஸ் என்றால் குடோன்தானே என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து லைனில் யார் கேட்டாலும், பெங்களூரில் இவ்வளவு பெரிய படிப்பு வேலையெல்லாம் பார்த்துவிட்டு மகள் இப்போது குடோனில் இருக்கிறாள் என்று மனம் நொந்து சொல்ல ஆரம்பித்தாள். மூட்டை தூக்கச் சொல்லுகிறார்களா என்று ஒரு அத்தை என்னிடமே வந்து விசாரித்தார்.

அந்தக் குடோனுக்குள் இருந்த முக்கியமான சரக்கு ஒரு பட்டியல். விவசாயி ஒருவருக்கு ஒரு வரி. எந்த ஊர், எத்தனை செடி, எந்த வருடம் குழுவில் சேர்ந்தார், கடைசியாக எப்போது பூச்சி மருந்து அடித்தார். கடைசி விவரம்தான் உயிர். மூன்று வருடம் மருந்தே படாத தோட்டம் என்றால் வெளியிலிருந்து ஆய்வாளர் வந்து பார்ப்பார். அவர் சரி என்று சொன்னால் அந்தத் தோட்டத்துக் காபி மருந்தில்லாக் காபி என்று தனியாகப் போகும். இடையில் ஒரு தரம் அடித்தாலும் போச்சு, முதல் வருடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

விவரங்களைச் சேகரித்துக்கொண்டு வர ஒரு கள அலுவலர் இருந்தார். கரடியூர், கொட்டச்சேடு, கிளியூர் என்று பைக்கில் சுற்றி, தோட்டத்திலேயே நின்று போனில் பதிந்துகொள்வார். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அது எனக்கு வந்து சேரும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த ஏற்பாடு என்னவென்றால், தினமும் சாயங்காலம் பழைய பட்டியலை முழுக்க அழித்துவிட்டு, மொத்தத்தையும் புதிதாக இறக்குவது. மாறியது ஐந்து பேருடைய விவரமாக இருந்தாலும் அத்தனை பேரும் திரும்ப இறங்க வேண்டும். எங்கள் மலை இன்டர்நெட்டுக்கு அது தாங்காது. பாதியில் நின்றுவிடும். நின்றால் அன்று குடோனில் சரக்கே இருக்காது.

பங்குனியில் நான் அதை மாற்றினேன். இனிமேல் அன்றன்றைக்கு மாறியது மட்டும் இறங்கும். வந்த ஒவ்வொரு வரியையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த ஆள் ஏற்கெனவே இருந்தால் பழையதைத் திருத்தும், இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்கும். அவ்வளவுதான் சூத்திரம். முன்பு முக்கால் மணி நேரம் இழுத்த வேலை, நான் டீ ஊற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குழுவின் செயலாளரைக் கூட்டிவந்து இரண்டு தரம் ஓட்டிக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நல்ல மனிதர், நல்லாருக்குதுங்க என்றார்.

இதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறாரா என்று எதை வைத்துப் பார்ப்பது? ஆதார் எண்ணைப் பதிவில் வைக்கக் கூடாது என்று குழுவில் முன்பே முடிவு செய்திருந்தார்கள். அதனால் பெயர், கணவர் அல்லது அப்பா பெயர், ஊர், போன் எண், சர்வே எண் ஐந்தையும் சேர்த்து ஒப்பிட்டேன். ஐந்தும் பொருந்தினால் ஒரே ஆள். இவ்வளவு கெட்டியாகப் பெங்களூரிலேயே யாரும் செய்ய மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெயர்கள் மட்டும் ஒழுங்காக வரவில்லை. ஒரு நாள் திருமதி என்று முன்னால் இருக்கும், மறுநாள் இருக்காது. ஒரு நாள் ‘பெரிய’ என்று இருக்கும், ஒரு நாள் ‘பெ.’ என்று புள்ளி வைத்திருக்கும். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் பொறுமை கிடையாது. ஒப்பிடுவதற்கு முன்னால் பெயரைத் துடைத்துக்கொள்ள ஒரு விதி எழுதினேன். திரு, திருமதி, செல்வி எல்லாவற்றையும் நீக்கு. பெரிய, சின்ன, பெ., சி. இவற்றையும் நீக்கு. எங்கள் வீட்டில் பெரிய அண்ணன் உண்டு, சின்ன அத்தை உண்டு. பெரிய என்பது வீட்டில் கூப்பிடுவதற்கு, அது எங்கே பெயரில் சேர்த்தி? கள அலுவலர் பழக்க தோஷத்தில் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு அழித்துப் போட்டேன். அந்த ஒரு வரி விதியை எழுதியபோது டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

புரட்டாசியில் ஆய்வாளர் வருவதாக இருந்தது. மூன்று வருடம் முடித்தவர்கள் பட்டியலை எடுத்து அச்சடித்து, ஒவ்வொரு ஊரிலும் காபி சேகரிக்கும் ஷெட்டில் ஒட்டச் சொன்னோம். ஒட்டிய மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் கரடியூரிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். நல்ல மழை. குடையை வெளியே சாத்திவிட்டு, ஒரு பை நிறைய பட்டர் புரூட் பழத்தை என் மேசை ஓரத்தில் வைத்தார். அதிகாரிகளைப் பார்க்க வரும்போது வெறுங்கையோடு வரக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“ஏனுங்க, லிஸ்ட்டுல என்ற பேரு இல்லீங்களே” என்றார்.

மூன்று தரம் படித்துப் பார்த்தாராம். கண் சரியில்லையோ என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டும் படிக்கச் சொன்னாராம். நான் பெயரையும் ஊரையும் கேட்டுத் தேடினேன். இருந்தது. சித்திரை மாதம் காபித் தண்டில் துளை போடும் பூச்சிக்கு மருந்து அடித்திருக்கிறார் என்று இருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, அடித்திருக்கிறீர்களே அக்கா, அதனால்தான் விட்டுப்போயிற்று, இனி முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன். ஆனால் பொய் சொல்லுகிறவர்களிடம் பேசும் பக்குவம் அது.

“நான் அடிக்கலீங்க.”

கம்ப்யூட்டரில் இருக்கிறதே அக்கா என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் கூசுகிறது. ஒரு மனுஷி தன் காபிக் காட்டில் தான் செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லுகிறாள், நான் ஒரு பெட்டியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

அவர் கோபப்படவில்லை. திரையை விரலால் சுட்டினார். பிறகு, “அதுக்கு யாருங்க சொன்னது?” என்று கேட்டார்.

இத்தனை வருட வேலையில் அதைவிடச் சரியான கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. இந்த விவரம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று கேட்பதுதான் என் தொழிலே. அன்று அது எனக்கு உறைக்கவில்லை. உங்கள் வீட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்று மழுப்பினேன்.

அப்போதுதான் அவர் தன் கதையைச் சொன்னார். சித்திரை முழுக்க அவர் ஊரிலேயே இல்லை. மகளுடைய பிரசவத்துக்காகச் சேலத்தில் இருந்தார். அதற்கு முன்பே பங்குனியில் தன் செடிகள் அத்தனையையும் தேய்த்து முடித்துவிட்டுத்தான் போனார். தேய்ப்பது என்றால், தேங்காய் நாரைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு காபிச் செடியின் தண்டையும் உரிந்த பட்டை போகும்வரை தேய்த்துவிடுவது. பட்டை இடுக்கு இல்லாவிட்டால் பூச்சிக்கு முட்டை வைக்க இடமிருக்காது. மருந்து அடித்தால் ஒரு நாளில் முடியும் வேலை, இது வாரக்கணக்கில் ஆகும். வருடத்துக்கு இரண்டு தரம் செய்ய வேண்டும். மூன்று வருடமாக அவர் தனியாகச் செய்திருக்கிறார். எதற்கு என்றால், அவருடைய காட்டுக்குக் கீழே ஓர் ஊற்று இருக்கிறது. வளவில், அந்தச் சிறு குடியிருப்பில், இருக்கிற எல்லாரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மேலே விஷத்தைத் தெளித்துவிட்டுக் கீழே போய்க் குடத்தை முக்க மனசு வரவில்லை என்றார். புருஷன்கூடச் சிரித்தாராம். காட்டில் தேய்ப்பதை வீட்டில் பாத்திரத்தில் தேய்த்தால் பளபளப்பாவது வரும் என்றாராம்.

இதையெல்லாம் கெஞ்சும் குரலில் அவர் சொல்லவில்லை. எழுந்து நின்று முந்தானையை உதறிக்கொண்டு, “நீங்க வந்து செடியப் பாருங்க கண்ணு. பாத்துட்டு அப்புறமா எழுதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பத்தரை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். ஆய்வாளர் வர எட்டு நாள் இருந்தது.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அவர் மேல்தான் முதலில் எரிச்சல் வந்தது. அது ஏன் என்று எனக்கே தெரிந்திருந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது. மறுநாள் கள அலுவலருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து கரடியூர் போனேன். போகிற வழியெல்லாம் பனிமூட்டம். அவர் என்னிடம் எதற்குப் போகிறோம் என்று கேட்டார். ஒரு பதிவைச் சரிபார்க்க என்றேன். மேடம் நேரில் சரிபார்க்க வருவது இதுதான் முதல்தரம் என்று அவர் சிரித்தது ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே கேட்டது.

வேலியோரம் இறங்கி நின்று, அந்த அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

“ஏனுங்க” என்று இடதுபக்க வீட்டிலிருந்து ஒரு குரல். “ஏனுங்க” என்று வலதுபக்க வீட்டிலிருந்து இன்னொரு குரல். இரண்டு பெண்கள் ஒரே சமயத்தில் வெளியே வந்தார்கள். ஒருவர் நேற்று வந்தவர். இன்னொருவர் அவரைவிடப் பத்து வயது இளையவர், வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். என்னை முன்பின் பார்த்திராத அந்த இளையவர்தான் முதலில் கேட்டார்: “பெரியவளைங்களா, சின்னவளைங்களா?”

அங்கேயே நின்று விசாரித்தேன். இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பி இருவரையும் கட்டியவர்கள். இரண்டு பேருக்கும் பிறந்த வீட்டிலேயே அம்மனின் பெயர்தான். அண்ணன் தம்பி இருவருக்கும் சாமியின் பெயர், பெரிய, சின்ன என்று முன்னால் ஒட்டிக்கொண்டு. பட்டா இன்னும் பிரிக்காமல் மாமனார் பெயரில் இருப்பதால் இரண்டு காட்டுக்கும் ஒரே சர்வே எண். வளவில் சிக்னல் எடுக்கிற போன் ஒன்றே ஒன்று, அதைத்தான் இரண்டு பேரும் கொடுத்திருந்தார்கள். நான் கெட்டியாகச் செய்ததாக நினைத்த ஐந்தும் அப்படியே பொருந்திவிட்டன. இருவரையும் வேறுபடுத்த அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதைத்தான் நான் அழுக்கென்று துடைத்திருந்தேன்.

கள அலுவலர் என்னைப் பார்த்தார். “நான் பெரிய, சின்னன்னு போட்டுத்தானே மேடம் அனுப்பறேன்” என்றார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

தப்பு பிடிபட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கோளாறு உண்டு. யாருக்கு என்ன ஆயிற்று என்பது அப்புறம், காரணம் தெரிந்துவிட்டால் ஒரே குதூகலம். அந்தக் குதூகலத்தில் வேலியோரம் நின்றே உளறிக் கொட்டினேன். அக்கா, தப்பு உங்களுடையது இல்லை, சித்திரையில் மருந்து அடித்தது இவர், இவருடைய விவரம் உங்கள் வரியின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது, இரண்டையும் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்றேன்.

 நேற்று வந்த பெரியவர் திரும்பிச் சின்னவரைப் பார்த்தார். சின்னவர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்தச் செய்தி பெரியவருக்கு இதுவரை தெரியாது.

கதை பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சின்னவரும் அக்காவைப் பார்த்துத்தான் குழுவில் சேர்ந்திருந்தார். இரண்டு வருடம் தேய்த்தும் இருந்தார். தை மாதம் பழம் பறிக்கும்போது சரிவில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்தும் பிடிமானம் வரவில்லை. அக்கா சேலத்தில் இருந்த சமயம் பூச்சி வந்து செடிகள் மஞ்சளடிக்க ஆரம்பித்தன. கையால் தேய்க்க ஏலாது. ஆளை வைத்து ஒரே நாளில் மருந்து அடித்துவிட்டார். கள அலுவலர் கேட்டபோது மறைக்காமல் சொல்லியும் விட்டார். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

“அது நாந்தானுங்க” என்று என்னிடம்தான் சொன்னார், அக்காவிடம் இல்லை. “கை ஏலலீங்க. அக்கா கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றதுன்னு…”

நான் வேண்டுமென்றே ஒரு மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் நாக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஐந்து மாதமாக இரண்டு பெண்களையும் ஒரே ஆளாக்கி வைத்திருந்தேன், பிரித்த ஐந்து நிமிடத்தில் இரண்டு வீடாகப் பிரித்துவிடுவேன் போலிருந்தது.

பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஊற்றுப் பக்கமும் அடித்தாயா? இல்லை என்று சின்னவர் தலையாட்டினார். ஊற்றை ஒட்டிய செடிகள் பெரியவருடையவை. தன் காட்டிலும் மேல் கோடியில், பூச்சி விழுந்த பக்கம் மட்டும்தான் அடித்தாராம். கீழே நான்கு வரிசையை அப்படியே விட்டுவிட்டாராம். அந்த நான்கு வரிசையும் பூச்சி தின்று போய்விட்டதாம்.

பெரியவர் எங்களைக் காட்டுக்குள் அழைத்துக்கொண்டு போனார். செடிகளைப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு ஒவ்வொரு தண்டும் வழவழவென்று இருந்தது. குனிந்து கையால் தடவிப் பார்த்தேன், ஒரு பொருக்குகூட இல்லை. சின்னவரும் எங்கள் பின்னாலேயே வந்தார். பட்டுப்போன நான்கு வரிசைக்கு முன்னால் வந்ததும் பெரியவர் நின்றுவிட்டார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

திரும்பி வரும்போது பெரியவர் என்னிடம் கேட்டார், பிரித்துப் போட்டால் இவளைக் குழுவை விட்டே எடுத்துவிடுவீர்களா என்று. எடுக்க மாட்டோம், சித்திரையிலிருந்து முதல் வருடம் என்று எழுதுவோம், மூன்று வருடம் மறுபடி மருந்தில்லாமல் காட்ட வேண்டும் என்றேன்.

“அப்படீன்னாப் பிரிச்சே போடுங்க” என்றார். பிறகு சின்னவரைப் பார்க்காமலே சொன்னார்: “ஐப்பசில என்றத முடிச்சுட்டு உன்றதையும் நானே தேய்ச்சுடறேன். கை சரியாகற வரைக்கும்.”

சின்னவர் அழுதுவிட்டார். நான் அழவில்லை என்று சொல்ல ஆசைதான்.

அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தபோது உண்மையான பயம் பிடித்தது. பிரித்துப் போடுவதாக வாக்குக் கொடுத்தாயிற்று, எதைக் கொண்டு பிரிப்பது? பெரியவருடைய பழைய விவரத்தின்மேல் சின்னவருடையது எழுதப்பட்டுவிட்டது. எழுதியது எழுதியதுதான், அடியில் ஒன்றும் இருக்காது. ஆய்வாளர் மூன்று வருடப் பதிவைத்தான் கேட்பார், தண்டு வழவழப்பாக இருக்கிறது என்று நான் சொன்னால் கேட்டுக்கொள்ள மாட்டார்.

இரண்டு விஷயங்கள் காப்பாற்றின. பங்குனியில் முறையை மாற்றும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று முழுப் பட்டியலை ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். அது முன்யோசனை. இரண்டாவது என் சோம்பேறித்தனம். தினமும் வந்த கோப்புகளை ஒரு வாரத்துக்குப் பிறகு தானாக அழிக்க ஒரு ஏற்பாடு எழுத வேண்டும் என்று மாதக்கணக்கில் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். அதனால் பங்குனியிலிருந்து வந்த அத்தனை கோப்பும் தூசியோடு கிடந்தன. அவற்றில் பெரிய, சின்ன எல்லாம் கள அலுவலர் தட்டியபடியே இருந்தன. துடைத்தது நான்தான், அது அதற்கு அப்புறம்.

வேலை செய்யும் விதம் எளிதுதான். பங்குனிப் பிரதியை எடுத்துக்கொள். துடைக்கும் விதியைத் தூக்கி எறி. பெ. என்று இருப்பதைப் பெரிய என்றும், சி. என்று இருப்பதைச் சின்ன என்றும் விரித்து எழுது. பிறகு ஒவ்வொரு நாள் கோப்பையும் வரிசை தப்பாமல் அதன்மேல் ஒப்பிட்டுத் திருத்து. இதில் வந்து சேர்ந்த தேதியை நம்பக் கூடாது. கொட்டச்சேட்டில் நான்கு நாள் சிக்னல் இல்லாமல் இருந்தால் திங்கட்கிழமை எழுதியது வெள்ளிக்கிழமை வரும். எழுதிய தேதியைப் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். மூன்று பகல் ஆயிற்று. இடையில் இரண்டு தரம் கரண்ட் போயிற்று, ஒரு தரம் நானே ஆடிக் கோப்பை ஆனிக்கு முன்னால் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். ஒவ்வொரு காட்டுக்கும் குழுவே ஓர் எண் கொடுக்க வேண்டும், இனி அதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் இந்தத் தரம் நல்லாருக்குதுங்க என்று சொல்லாமல், ஏன் முன்பே செய்யவில்லை என்று கேட்டார். நியாயம்தான்.

மூன்றாம் நாள் பட்டியல் விரிந்தபோது கரடியூர்ப் பெரியவரும் சின்னவரும் அடுத்தடுத்த வரியில் வந்து நின்றார்கள். பெரியவருக்கு மூன்று வருடம், சுத்தமாக. சின்னவருக்குச் சித்திரையிலிருந்து முதல் வருடம். அவர்கள் மட்டுமல்ல. கொட்டச்சேட்டில் ஓர் அண்ணன் தம்பி, கிளியூர்ப் பக்கம் ஒரு சித்தப்பா மகனும் பெரியப்பா மகனும் என்று, நான் விழுங்கி வைத்திருந்த இன்னும் சிலர் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இவர்களில் ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை. ஆபீஸில் எழுதியிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில்கூட என்னைத் திட்டவில்லை, எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

ஆய்வாளர் சொன்ன நாளில் வந்தார். கரடியூரில் பெரியவருடைய காட்டில் வெகுநேரம் நின்றார். மண் எடுத்தார், இலை எடுத்தார், ஊற்றைப் பார்த்தார். சின்னவருடைய காட்டில் மருந்து எதுவரை பட்டது என்றும் கேட்டார். சின்னவரே முன்னால் வந்து, மேல் கோடியையும் பட்டுப்போன நான்கு வரிசையையும் காட்டினாராம். அந்த இடைவெளி இருந்ததால்தான் மருந்து அக்கா காட்டுக்கு வரவில்லை என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார் என்று கள அலுவலர் வந்து சொன்னார். முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

ஐப்பசி பாதியில் முடிவு வந்தது. பெரியவருடைய வரிக்கு நேராக ‘சரி’ என்று இருந்தது. நான் உடனே அந்த வளவின் ஒற்றைப் போனுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல் எடுத்தது. இந்தத் தரம் நான் உஷார். பெரியவரா சின்னவரா என்று முதலில் கேட்டேன். சின்னவளுங்க என்றது குரல்.

அக்காவிடம் கொடுங்கள், அவருக்கு ஒரு நல்ல செய்தி, அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்றேன். மூன்று நாள் பாடுபட்டுப் பிரித்தவள் இல்லையா, இனி ஒருவருடையதை ஒருவரிடம் கொடுப்பதாக இல்லை.

“அக்கா மேல கோடில என்ற செடியத் தேய்ச்சுட்டு இருக்குதுங்க” என்றார் சின்னவர். “எங்கிட்டவே சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானுங்க.”

சொன்னேன்.